இரண்டாவது மன்னிப்பு

“மன்னிச்சுக்கோங்க சார்.”

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் சொன்னது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி அதற்கு முன்னால் அந்தப் பதிவில் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டிக்கொள்கிறதே என்று மறுமுனையில் புலம்பிக்கொண்டிருந்த பாட்டியம்மாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. “யாரைம்மா சாருங்கற? நான் பொம்பளை. ஐஸ்தானே கட்டுது, அதுக்கு நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற?” என்றார்.

மாஜி பதிவை நிறுத்திவிட்டுக் கண்களைக் கசக்கினார். காலையிலிருந்து இதே வேலை.

மாஜி என்பது அவருடைய பெயரில்லை. போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்த புதிதில் கோர்ட்டு வளாகத்தில் யாரோ ‘மாஜி சப்-இன்ஸ்பெக்டர் அம்மா’ என்று ஆரம்பிக்க, நாளடைவில் மிச்சமெல்லாம் உதிர்ந்துபோய் முதல் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது வக்கீல்களுக்கு உண்மையைத் தேடிக் கொடுப்பது பிழைப்பு. தேடிக் கொடுக்கும் உண்மைகளில் முக்கால்வாசி, கேட்டவர்களுக்கே பிடிப்பதில்லை. அதனால் பிழைப்பு சுமாராகத்தான் ஓடுகிறது.

“அக்கா, இன்னொரு தடவை இந்த ‘மன்னிச்சுக்கோங்க’வைக் கேட்டேன்னா, நானே எந்திரிச்சு நின்னு மன்னிச்சுடுவேன்” என்றான் வாயாடி.

வாயாடி அவருடைய உதவியாளன். முன்பு வானொலியில் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தவன். பல்பொடியை விற்ற அந்த வாயை மூட அவனுக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “மன்னிச்சுக்கோங்க” என்றாள்.

வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வழக்கு இவளுடையது, பதிவில் கேட்கிற குரலும் இவளுடையதுதான். வீட்டு மின்சாதனங்களுக்கான ஒரு சேவை மையத்தில் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். அவர் யாரையும் அதட்டிப் பேசிப் பார்த்தவர்கள் கிடையாது. பிறந்தநாளுக்கெல்லாம் கேக் வாங்கி வெட்டுகிற மனிதர். ஆனால் அவள் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய காதுக்குள் மட்டும் அவர் குரல் வரும் என்கிறாள். ‘உளறாதே’, ‘உனக்கு மூளை இருக்கா’, ‘உன் குரலைக் கேட்டா குமட்டுது’. வாடிக்கையாளருக்குக் கேட்காது. பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. பதிவிலும் ஏறாது. அவள் மட்டும் பதற்றத்தில் மன்னிப்புக் கேட்பாள்.

கம்பெனி அந்தப் பதிவுகளையே எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனது. இல்லாத குரல்கள் இவளுக்குக் கேட்கின்றன, மனநிலை சரியில்லை என்று அவர் எழுதிக் கொடுக்க, அதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். நாளைக் காலை கடைசி விசாரணை.

“அக்கா, வாபஸ் வாங்கிடறேன்க்கா. வக்கீலம்மாகிட்ட சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன், மிரட்டினாங்களா?”

“இல்லக்கா. எனக்கே இப்ப நிச்சயமா சொல்லத் தெரியல. வீட்டுல ஃபேன் ஓடுற சத்தத்துலகூட அவர் பேசற மாதிரி இருக்கு. அந்த டாக்டர் சொன்னதுதான் நெஜமோ என்னமோ. பைத்தியம்னு முத்திரை குத்தினா குத்திட்டுப் போகட்டும். அதைக் கோர்ட்டுல நாலு பேர் முன்னாடி வேற கேக்கணுமா? மன்னிச்சுக்கோங்க, உங்க நேரமெல்லாம் வீணாப்போச்சு.”

பேசும்போது அவள் தலை இடதுபக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஹெட்செட் மாட்டுகிற பக்கம். வேலை போன பிறகும் அந்தக் காது மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது. மாஜிக்கு அந்தச் சாய்வு பழக்கமானது. அவரும் ஒரு காலத்தில் ஒரு மேலதிகாரியின் அறைக்குள் கைகட்டி நின்று, வெளியே வந்து சிரித்த முகத்தோடு சல்யூட் அடித்தவர்தான்.

“பொழுது சாயற வரைக்கும் டைம் குடு. கையெழுத்து எங்கயும் ஓடிப் போயிடாது” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கதவை ஓசைப்படாமல் சாத்தியதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மாஜி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்.

“போன வாரம் அந்த சூப்பர்வைசர் அறையைப் பார்க்கப் போனோமே, அங்க மேசையில மூணு பட்டன் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. ஒண்ணு, ஆபரேட்டர் பேசறதைக் கேக்கறதுக்கு. ரெண்டு, ஆபரேட்டர் காதுல மட்டும் பேசறதுக்கு. மூணு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி நடுவுல நுழையறதுக்கு. ரெண்டாவது பட்டனுக்கு லைனே இல்ல, எப்பவோ எடுத்தாச்சுன்னு சொன்னாரு.”

“லைன் இல்லாத பட்டன்தான் பளபளன்னு தேய்ஞ்சு கிடந்துச்சு. மேல இருந்த எழுத்தே போயிடுச்சு. மத்த ரெண்டும் கடையில வாங்கின மாதிரி புத்தம்புதுசு.”

“பட்டன் தேய்ஞ்சிருக்குன்னு ஜட்ஜ்கிட்ட சொன்னா, நல்லாத் துடைக்கிற ஆபீஸ்னுவாரு.” வக்கீலம்மா குரலிலும் அலுப்புத் தட்டியது. “இந்தச் சட்டம் வந்தப்போ நாமெல்லாம் கைதட்டினோம். மேல இருக்கறவன் கீழ இருக்கறவங்க மனசை நோகடிச்சாலும் குத்தம்தான்னு எழுதி வெச்சாச்சு. ஆனா அடிபட்ட கையைத் தூக்கிக் காட்டலாம், இதுல எதைத் தூக்கிக் காட்டறது? ‘என்ன வார்த்தை சொன்னாரு, யார் கேட்டாங்க’ன்னு ஜட்ஜ் நேராவே கேட்டுட்டாரு. கேட்ட காது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் காதும் பைத்தியக்காரக் காதுன்னு எதிர்த்தரப்பு சர்ட்டிபிகேட் வெச்சிருக்கு.”

போனை வைத்துவிட்டு மாஜி மறுபடி பதிவுகளுக்கே வந்தார். வேறு போக்கிடமில்லை.

அடுத்த பதிவு ஒரு வாஷிங் மெஷின் புகார். பேசுகிற அம்மாவுக்குக் குரலே எழும்பவில்லை. அவருக்குப் பின்னால் மெஷின் ‘தட் தட் தட்’ என்று தரையை இடித்துக்கொண்டிருந்தது. துணி பிழியும்போது மெஷின் தானாக நடந்து அறைக்கு நடுவில் வந்து நிற்கிறதாம். ஆபரேட்டர் பெண் பொறுமையாக விளக்கினாள். அந்த அம்மா புரியாமல் இன்னொரு தடவை கேட்டார். திடீரென்று அமைதி. பிறகு, “மன்னிச்சுக்கோங்க சார்.” அது ஆபரேட்டர். உடனே இன்னொரு குரல், “மன்னிச்சுக்கோங்க சார்.” அது அந்த அம்மா. டக்கென்று லைன் துண்டிக்கப்பட்டது.

இந்தப் பதிவைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் ஆசையாகப் போட்டுக் காட்டினார். வாடிக்கையாளரையே குழப்பி மன்னிப்புக் கேட்கவைத்த ஊழியர் என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்.

“நல்ல மரியாதை தெரிஞ்ச மெஷின்க்கா. ரெண்டு பேரும் மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னாடி அதுவும் வாயை மூடிக்கிச்சு” என்றான் வாயாடி.

மாஜி சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். “என்ன சொன்ன?”

“சும்மா ஒரு பேச்சுக்கு...”

“திரும்பப் போடு.”

போட்டான். தட் தட் தட். அமைதி. மன்னிப்பு. தட் தட். மாஜி பாட்டியம்மாவின் பதிவைப் போடச் சொன்னார். அங்கே அமைதியான இடத்திலும் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் டிவி, வேறொன்றில் குழாய்த் தண்ணீர். யாரும் பேசாதபோதும் ஏதோவொரு வீட்டின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாஷிங் மெஷின் பதிவின் அந்த அமைதியில் மட்டும் வீடே இல்லை.

“நடுவுல வெட்டி எடுத்துட்டு வெறும் சத்தமில்லாத துண்டை ஒட்டியிருக்காங்க” என்றான் வாயாடி. அவன் குரலில் முதல்முறையாக விளையாட்டு இல்லை. “ஸ்டுடியோவுல இருமல் வந்தா நாங்க அப்படித்தான் ஒட்டுவோம். ஆனா இதை மட்டும் ஏன்க்கா வெட்டணும்? இவர் குரல்தான் பதிவுல ஏறாதே!”

“எழுத்து அழிஞ்சுபோன பட்டன், அதுக்குப் பக்கத்திலேயே மூணாவது பட்டன். அன்னிக்கு விரல் தடம் மாறிடுச்சு. தேய்ச்சுத் தேய்ச்சு அடையாளத்தை அழிச்சதே அந்த விரல்தான். காதுக்குள்ள சொல்ல நினைச்சதை ஊருக்குச் சொல்லிட்டாரு, பதிவுலயும் ஏறிடுச்சு. அந்தம்மாவுக்கும் கேட்டிருக்கு. அதனாலதான் அவங்களும் சார்ங்கறாங்க. பாட்டியம்மாவுக்கு வந்த கோபம் இவங்களுக்கு ஏன் வரலைன்னு யோசி.”

“அப்ப அந்த மன்னிப்பையும் சேர்த்து வெட்டியிருக்கலாமே?”

“வெட்டினா, பொண்ணைப் பைத்தியம்னு காட்டறதுக்கு ஒரு சாட்சி குறைஞ்சுடுமே. பேராசை.”

வாயாடி எழுந்து நின்றுவிட்டான். “அந்தம்மாவை எங்க போய்த் தேடறது? பேர், போன் நம்பர் எல்லாத்தையும் ‘பீப்’ போட்டு மறைச்சிருக்காங்களே!”

மாஜி பதிவை முதலிலிருந்து ஓடவிட்டார். பெயர் வந்த இடத்தில் பீப். நம்பர் வந்த இடத்தில் பீப். அதற்குப் பிறகு அந்த அம்மா, மெக்கானிக் வழி தவறிவிடக்கூடாதே என்ற கவலையில் தானாகவே சொல்லியிருந்தார்: “பஸ் டெப்போவுக்குப் பின்னாடி, சாவி வெட்டற கடைக்கு மேல மூணாவது மாடிங்க. பெல் அடிக்காது, கதவைத் தட்டணும்.”

நம்பரை மறைத்தவனுக்கு வழி சொல்வதும் விலாசம்தான் என்று தோன்றவில்லை.

டெப்போவுக்குப் பின்னால் சாவிக் கடை இருந்தது. வாயாடி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். மாஜி முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதி ஏறுவதற்குள் அவனே இறங்கி வந்துவிட்டான்.

“மேல பல் டாக்டர்க்கா. கடைவாய்ப் பல்லு ஒண்ணைப் பிடுங்கிடலாம்னு ஆசையாப் பார்த்தாரு. ஓடி வந்துட்டேன்.”

சாவி வெட்டுகிறவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “பழைய கடைக்கு மேல யாரையாவது தேடறீங்களா? நான் இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. அதோ, இப்ப போன் கவர் தொங்குதே, அந்தக் கட்டடம்.”

மறுபடி படிகள். மாஜிக்கு மூச்சு வாங்கியது. ஓய்வெடுக்கிற வயதில் ஊரான் வீட்டுப் படியெல்லாம் ஏற வேண்டுமென்று தலையில் எழுதியிருக்கிறது என்று மனதுக்குள் சபித்துக்கொண்டே ஏறினார். பெல்லை அழுத்தினார். அடிக்கவில்லை. கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த அம்மாளுக்குக் கைகளில் முழங்கை வரை சோப்பு நுரை. பின்னால் பாத்ரூம் வாசலில் வாளி நிறையத் துணி. கூடத்து ஓரத்தில் வாஷிங் மெஷின் ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியும் மடித்த துண்டுகளும் இருந்தன.

“மெஷினுக்கு லீவாம்மா?” என்றான் வாயாடி.

“அது... நடக்கும். அதான் போடறதில்ல” என்றார் அந்த அம்மாள் தயங்கி.

“சேவை மையத்துக்குப் போன் பண்ணலையா?”

அந்த அம்மாளின் முகம் சட்டென்று சுருங்கியது. நுரையைத் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாஜி தாங்கள் ஒரு வக்கீலின் ஆட்கள் என்பதை மட்டும் சொன்னார். என்ன வழக்கு, யார் யாரைத் திட்டினார்கள் என்று மூச்சுவிடவில்லை. சொல்லிக்கொடுத்து வாங்கிய வார்த்தை கோர்ட்டில் ஒரு நிமிஷம் நிற்காது. “அந்தப் போன்ல என்ன நடந்துச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். வாயாடியின் காலை ஒரு மிதி மிதித்து அவன் வாயையும் மூடவைத்தார்.

“அதையெல்லாம் கோர்ட்டுல வந்து சொல்லணுமா? வேண்டாங்க. எனக்குத்தான் அவமானம். தப்பு என் மேலதான்.”

“என்ன தப்பு?”

“அந்தப் பொண்ணு எவ்வளவோ தன்மையா சொல்லிச்சு. எனக்குத்தான் மண்டையில ஏறல, இன்னொரு தடவை கேட்டேன். உடனே ஒரு ஆம்பளை குரல். அங்க பெரிய அதிகாரி போல. என்னைத் திட்டினாரு. ‘ஒரு தடவை சொன்னா புரியாதா, வாயைத் திறந்தாலே தப்பு, உன்னையெல்லாம் வெச்சு மாரடிக்கணும்னு என் தலையெழுத்து’ன்னு. சத்தமே போடலங்க, மெதுவாத்தான் சொன்னாரு. அந்தப் பொண்ணு பாவம், எனக்காக அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு. நானும் கேட்டேன். போனை வெச்சுட்டேன்.” தரையைப் பார்த்தார். “எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். நீ ஏதாவது உளறியிருப்பேன்னாரு. அதுக்கப்புறம் மெஷினைத் தொடவே பிடிக்கல.”

கிடைத்த ஒரே சாட்சி, திட்டு வாங்கியது தான்தான் என்று சத்தியம் பண்ணுகிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? எரிச்சலான அதிகாரி, மந்தமான வாடிக்கையாளர், வழக்கு தள்ளுபடி. ‘அது உங்களை இல்லம்மா’ என்ற வார்த்தை மாஜிக்கு நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“வேற ஏதாவது சொன்னாரா?”

“கடைசியா ஒண்ணு சொன்னாரு. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.”

“என்னது?”

“‘ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தொலை’ன்னாரு.” அந்த அம்மாள் நிஜமான குழப்பத்தோடு மாஜியைப் பார்த்தார். “நான் வீட்டுலதாங்க இருந்தேன். என் கையில சாதாரண போன்தான். வேற எந்த வீட்டுக்குப் போறது?”

கீழே சாலையில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு டெப்போவுக்குள் திரும்பியது.

தான் சொன்னது தனக்கே கேட்டாற்போல அந்த அம்மாளின் கை நின்றது. “அப்ப... என்னை இல்லையா?” என்றார். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “ஐயோ, அந்தப் பொண்ணையா? அது தினமும் அங்கதானே உட்கார்ந்திருக்கும்!”

“நாளைக்கு வந்து இதை அப்படியே சொல்ல முடியுமாம்மா? ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.”

அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், கடைசியில் போர்வை போர்த்திய மெஷினைப் பார்த்தார். “வீட்டுல கேட்டா, உளறப் போறேன்னு சொல்லிட்டு வரேன்” என்றார். அவர் குரல் இப்போதுதான் முதல்முறையாக எழும்பியது.

மாஜி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு அந்த அம்மாளிடம் கொடுத்தார். பேசி முடித்ததும் போன் மாஜியிடம் திரும்பி வந்தது; வெட்டு விஷயத்தை வழியிலேயே கேட்டிருந்த வக்கீலம்மா சொன்னார்: “வெட்டின இடத்துக்கு இந்தம்மா வார்த்தை கச்சிதமா பொருந்துது. அந்த ஆள் நாளைக்கு எந்தப் பட்டனை அழுத்தறான்னு பார்ப்போம். ஆனா ஒண்ணு. கூண்டுல ஏறி இறங்கற வரைக்கும் இந்தம்மாவும் நம்ம பொண்ணும் ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாது. பேசினா சொல்லிக்கொடுத்த சாட்சின்னு கவுத்துடுவாங்க. என்ன கேட்டாங்க, என்ன சொன்னாங்கன்னு நீயும் பொண்ணுகிட்ட சொல்லக் கூடாது.”

“அவ கையெழுத்துப் போட வருவாளே!”

“அதை நிறுத்தறது உன் பாடு.”

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. மாஜி ஆபரேட்டர் பெண்ணுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அக்கா, கிளம்பிட்டேன்க்கா. மன்னிச்சுக்கோங்க, பஸ்ஸுக்காக...”

“அது கிடக்கட்டும். ஒரு சந்தேகம். வாஷிங் மெஷின் துணி பிழியறப்போ நடந்து வருதுன்னா என்ன பண்ணணும்?”

பதிலாக வந்த குரல் வேறு குரல். பதிவுகளில் கேட்ட, பொறுமையான, வேலை தெரிந்த குரல். “முதல்ல மெஷின் மேல கையை வெச்சு மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்க. எந்த மூலை ஆடுதோ அந்தக் கால் தரையைத் தொடலைன்னு அர்த்தம். அடியில திருகு இருக்கும், தரையைத் தொடற வரைக்கும் திருப்பணும்.”

மாஜி சைகை காட்டினார். வாயாடி போர்வையை எடுத்துவிட்டு, மூலைகளை அழுத்திப் பார்த்து, தரையில் குப்புறப் படுத்துத் திருகினான். அந்த அம்மாள் வாளித் துணியை உள்ளே போட்டுப் பிழிய விட்டார். மெஷின் உறுமியது, சுற்றியது, வேகமெடுத்தது. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்தச் சத்தம் போன் வழியாகப் போயிருக்க வேண்டும். “அக்கா” என்றாள் அவள், மெதுவாக. “அது மூணாவது மாடிதானே? பெல் அடிக்காத வீடு?”

“எந்த வீடுன்னு நான் சொல்ல மாட்டேன், நீயும் கேக்கக் கூடாது. கோர்ட்டுச் சமாச்சாரம்.” மாஜி குரலைத் தணித்தார். “நீ கேட்டது ஃபேன் சத்தம் இல்ல. இன்னிக்கு இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

மறுமுனையில் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று மாஜி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இல்லை. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன், யாரோ நடந்துபோகும் செருப்புச் சத்தம், நடுவில் அவள் மூக்கை உறிஞ்சும் ஓசை. எதையும் யாரும் வெட்டியிருக்கவில்லை. மாஜி காத்திருந்தார்.

“காலைல எத்தனை மணிக்குக்கா வரணும்?” என்றாள்.

மாஜி நேரத்தைச் சொன்னார். வழக்கமான அந்த வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

“சரிக்கா. வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.